பி.காம். முடித்தவர் சினிமா தயாரிப்பு நிர்வாகத்துக்கு எப்படி வருவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: பி.காம். முடித்துவிட்டு விருதுநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள். நடிக்க ஆசையில்லை, இயக்கவும் ஆசையில்லை, ஆனால் சினிமாவுக்குள் இருக்க வேண்டும். தயாரிப்பு நிர்வாகத்தில் நுழைய என்ன படிக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

இயக்க ஆசையில்லை என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இந்தப் பக்கம் வரும் பையன்களில் பாதிப் பேர் மனதுக்குள் கதை வைத்திருப்பவர்கள். எங்காவது கதை சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் வவுச்சர் கட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அதனாலேயே, இந்த வேலையையே வேலையாக நினைத்து வருகிறவருக்கு இங்கே எப்போதும் இடம் இருக்கிறது. நான் சென்னையில் உதவி மேனேஜராகத் தொடங்கி இப்போது லைன் புரொட்யூசராக, அதாவது ஒரு படத்தின் அன்றாடச் செலவையும் ஏற்பாடுகளையும் பொறுப்பேற்றுப் பார்ப்பவனாக இருப்பவன். ஆகவே சொல்வதெல்லாம் தமிழ் சினிமா கணக்குதான். மும்பையிலும் ஹைதராபாத்திலும் பதவிப் பெயர்களும் பழக்கவழக்கங்களும் கொஞ்சம் மாறும்.

தயாரிப்பாளர் பணம் போடுகிறார், அல்லது திரட்டுகிறார். அவருக்கும் படப்பிடிப்புத் தளத்துக்கும் நடுவில் இருப்பவர்கள் நாங்கள். எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர், லைன் புரொட்யூசர், தயாரிப்பு நிர்வாகி, புரொடக்ஷன் மேனேஜர், உதவி மேனேஜர்கள், கேஷியர் என்று மேலிருந்து கீழே வரும். சின்னப் படங்களில் இத்தனை பேரும் ஒரே ஆள்தான். ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: செட்டில் யாராவது "புரொடக்ஷன் எங்கப்பா?" என்று குரல் கொடுத்தால் அவருக்கு வேண்டியது டீ. சாப்பாடு, டீ பரிமாறும் தயாரிப்பு உதவியாளர்களைத்தான் அங்கே அப்படிக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குத் தனிச் சங்கமே உண்டு. அவர்களோடு முதல் நாளிலிருந்தே நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டில் யாரோடு யார் பேசுவதில்லை, எந்த நடிகருக்கு எது ஒத்துக்கொள்ளாது, இயக்குநர் எந்த நேரத்துக்கு மேல் எரிந்து விழுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த மேனேஜருக்கும் தெரியாது.

வெளியில் இருந்து பார்த்தால் மேனேஜர் என்பவர் பணத்தை எண்ணிக் கொடுப்பவர். உள்ளே வந்தால் தெரியும், அவர் நாள் முழுக்கக் காப்பாற்றிக்கொண்டிருப்பது நேரத்தை. ஒரு நடுத்தரப் படத்தின் ஒரு நாள் செலவு 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேமரா வாடகை, லைட் யூனிட், ஜெனரேட்டர், கேரவன், வண்டிகள், லொக்கேஷன் வாடகை, நூறு பேருக்குச் சாப்பாடு, பேட்டா (தினப்படி) எல்லாம் சேர்ந்த தொகை இது. காலை 9 முதல் மாலை 6 வரை ஒரு கால்ஷீட் என்றால் சாப்பாட்டு நேரம் போக வேலை நடப்பது 8 மணி நேரம். அதாவது மணிக்கு 50,000 ரூபாய். நாயகியின் புடவை வந்த வண்டி பூந்தமல்லி டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்றால் 50,000 போயிற்று. மாலை 6 மணியைத் தாண்டினால் பேட்டா அரை கால்ஷீட், ஒரு கால்ஷீட் என்று ஏறும். இதற்கு மேல் ஃபைனான்ஸ் வட்டி தனியாக ஓடும். 3 கோடி ரூபாயை மாதம் 2 சதவீதத்துக்கு வாங்கியிருந்தால் மாதம் 6 லட்சம், படப்பிடிப்பு நடக்காத நாளிலும் 20,000. மழையைப் பார்த்து யூனிட்டில் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கையில் மேனேஜர் மட்டும் ஒரு மூலையில் போனில் கத்திக்கொண்டிருப்பது இதனால்தான்.

அப்படியானால் திறமை எங்கே இருக்கிறது? ஸ்கிரிப்டைப் படிக்கும் விதத்தில். மற்றவர்கள் கதையாகப் படிப்பதை நாங்கள் தேவைப் பட்டியலாகப் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு நானே ஒரு காட்சி எழுதுகிறேன்: "இரவு. கிராமத்துப் பஸ் ஸ்டாண்ட். நல்ல மழை. நாயகி எட்டு வயது மகளோடு கடைசிப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். ஒரு தெருநாய் அவர்களைப் பார்த்துக் குரைக்கிறது." பேப்பரில் நான்கு வரிகூட இல்லை. இயக்குநருக்கு இது படத்தின் ஆரம்பம், மனதுக்கு நெருக்கமான காட்சி. உங்களுக்கு?

முதலில் இரவு. நைட் கால்ஷீட், அதற்கேற்ற பேட்டா, கூடுதல் லைட், பெரிய ஜெனரேட்டர். அடுத்தது மழை. தண்ணீர் லாரி, மழைக் குழாய் போடும் ஆட்கள், நனைந்த உடைக்கு மாற்று உடை குறைந்தது மூன்று செட், துவட்டிக்கொள்ளத் துண்டு, கேமராவுக்கு உறை, மின்சாரக் கேபிளெல்லாம் தண்ணீரில் கிடக்காதபடி ஏற்பாடு. பஸ் ஸ்டாண்ட் உள்ளாட்சி அமைப்பின் இடம், அனுமதி வேண்டும், உள்ளூர் காவல் நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். உண்மையான கடைசிப் பஸ் வந்து போன பிறகுதான் உங்கள் பஸ் உள்ளே வர முடியும். வாடகைப் பஸ்ஸுக்குக் கதை நடக்கும் ஊரின் பெயர்ப் பலகை. இறங்க, ஏற, டீக்கடையில் நிற்க ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள், ஏஜெண்ட் மூலமாக.

இப்போது குழந்தை. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள், 2017இல் விதிகள் வந்தன. குழந்தை நடிகர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும், பள்ளிப் படிப்பு தடைபடாது என்று உறுதி தர வேண்டும், சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமான வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். இதெல்லாம் பேப்பரில்தான் என்று சொல்லும் மேனேஜர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

பிறகு நாய். தெருநாய்தானே என்று நினைத்தால் போச்சு. படத்தில் விலங்கு தெரிந்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி, எடுத்த பிறகு தடையில்லாச் சான்று. அது இல்லாமல் சென்சாருக்குப் போனால் அங்கே நிற்கும். வாரியத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் திருவான்மியூரிலேயே இருந்தது, நேரில் போய்க் கேட்டுவிடலாம். இப்போது ஹரியானாவில் இருக்கிறது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி நடிக்க வைக்கவே தடை. 2011இல் காளையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கிராமத்துக் கதையோடு வரும் புது இயக்குநர்கள் இதைக் கேட்டதும் முகம் வாடிவிடுவார்கள்.

சரி, பட்டியல் போட்டாயிற்று. நல்ல மேனேஜரும் சாதாரண மேனேஜரும் பிரிவது இதற்குப் பிறகுதான். சாதாரண ஆள் இயக்குநரிடம் போய் "சார், இது முடியாது, பட்ஜெட் இல்லை" என்பார். நல்ல ஆள் கேட்பது வேறு மாதிரி இருக்கும். "சார், நாய் ஃபிரேமில் தெரியணுமா, குரைப்பு மட்டும் கேட்டால் போதுமா? பாப்பா முகம் தெரியும் ஷாட்டையெல்லாம் இருட்டியதும் முதலில் எடுத்து அனுப்பிவிட்டு, தூரத்து ஷாட்டில் அதே உயரத்தில் வளர்ந்த ஆள் யாரையாவது போர்வையோடு நிறுத்தலாமா? மழை பஸ்ஸைச் சுற்றி மட்டும் போதுமா, பஸ் ஸ்டாண்ட் முழுக்க வேண்டுமா?" மூன்று கேள்வியில் காட்சியின் செலவு பாதியாகக் குறையலாம், காட்சியின் உணர்வு அப்படியே இருக்கும். இதைக் கேட்க உங்களுக்கு ஷாட் என்றால் என்ன, லென்ஸ் எவ்வளவு அகலம் பிடிக்கும், டப்பிங்கில் எதைச் சேர்க்கலாம் என்பதெல்லாம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். கேமராமேன் பக்கத்தில் நின்று கவனித்தால் ஒரே படத்தில் வந்துவிடும்.

அனுமதிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவரை முதலில் அலைய விடுவது இதற்குத்தான். தமிழ்நாட்டில் அரசு இடங்கள் என்றால் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகப் போக வேண்டும். சாலை என்றால் காவல்துறை. கோயில் என்றால் அறநிலையத்துறை. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் மாதிரியான இடங்கள் என்றால் இந்தியத் தொல்லியல் துறை. காடு என்றால் வனத்துறை, அங்கே மட்டும் நாள் கணக்கை நம்பாதீர்கள், வாரக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் என்றால் ரயில்வே. டிரோன் பறக்க விட்டால் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி அந்த இடம் பச்சை மண்டலமா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். கோபிசெட்டிபாளையத்தையும் பொள்ளாச்சியையும் யூனிட்டுகள் திரும்பத் திரும்பத் தேடிப் போவது பசுமைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். படப்பிடிப்பு என்றால் என்ன என்று அந்த ஊர்களுக்குத் தெரியும். வீடு வாடகைக்குக் கிடைக்கும், சமைக்க ஆள் கிடைக்கும், வயல்காரர் என்ன கேட்பார் என்பது முன்பே தெரியும். அந்தப் பரிச்சயத்துக்கு ஒரு விலை உண்டு, பட்ஜெட்டில் அது லாபமாக வந்து நிற்கும்.

உங்கள் கணக்குப் படிப்புக்கு வருகிறேன். அது உங்களுக்குப் பெரிய பலம். கோடம்பாக்கத்தில் சாமர்த்தியமான மேனேஜர்கள் நிறையப் பேர் உண்டு. சுத்தமாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாக ஏற்கப்படாது. படத் தயாரிப்பில் ஒருவருக்கு மொத்தமாக 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் அந்தப் பட்டியலை வருமான வரித் துறைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். யாருக்கு எத்தனை சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பது என்பது அவர் தொழில்நுட்பக் கலைஞரா, ஒப்பந்தக்காரரா என்பதைப் பொறுத்தது. லைட் வாடகைக்கு ஜி.எஸ்.டி. பில் ஒழுங்காக வாங்காவிட்டால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கழிவு கையை விட்டுப் போகும். ஆடிட்டர் அலுவலகத்தில் இதையெல்லாம் பார்த்து வந்தவர் நீங்கள். ஆனால் அங்கே பில் உங்கள் மேஜைக்கு வந்தது. இங்கே குற்றாலத்தில் ராத்திரி பதினோரு மணிக்குத் தென்னை மட்டை கொண்டுவந்து இறக்கிய ஆளிடம் நீங்கள்தான் வவுச்சரில் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் "நாளைக்குப் போடுறேன் சார்" என்பார். நாளைக்கு அவர் வரமாட்டார்.

ஆகவே என் முதல் யோசனை: கேஷியராகவோ புரொடக்ஷன் அக்கவுண்டன்டாகவோ உள்ளே வாருங்கள். உதவி மேனேஜர் வேலைக்கு நூறு பேர் வரிசையில் நிற்பார்கள், இதற்கு ஆள் தேடுவார்கள். கேஷியர் மேஜையில் உட்கார்ந்தால் படத்தின் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் கண் முன்னால் போகும். எந்த வாடகை நியாயம், எது கூடுதல், எந்தப் பிரிவு பட்ஜெட்டைத் தாண்டுகிறது என்பது ஒரு படம் முடியும்போது மனப்பாடமாகிவிடும். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். அடுத்த படத்திலாவது வெயிலில் இறங்கி உதவி மேனேஜராக நில்லுங்கள். செட்டுக்கு வராத கணக்காளர் லைன் புரொட்யூசர் ஆனதாக நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வழி விளம்பரப் படங்கள். சென்னையில் விளம்பரப் படத் தயாரிப்பு நிறுவனங்களில் வேலை வேகமாக நடக்கும். பட்ஜெட் எழுதி, ஒப்புதல் வாங்கி, இரண்டு நாளில் எடுத்து, பில் கொடுத்து முடித்துவிடுவார்கள். பெரிய படத்தில் ஒரு வருடத்தில் ஒருமுறை பார்ப்பதை அங்கே மாதம் ஒருமுறை முழுசாகப் பார்க்கலாம். பெண்கள் இந்த வேலைக்கு வருவதும் அங்கேதான் அதிகம். திரைப்படத் தயாரிப்பு நிர்வாகத்தில் அவர்கள் இன்னும் மிகக் குறைவு, அதற்குக் காரணம் திறமையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போக வண்டி, அவுட்டோரில் ஒழுங்கான தங்குமிடம், கழிப்பறை ஆகியவற்றை ஏற்பாடு செய்யாத துறை இது. அவற்றை ஏற்பாடு செய்வது மேனேஜரின் வேலை என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, ஓ.டி.டி. தொடர்களும், வெளியிலிருந்து இங்கே வந்து படம் எடுப்பவர்களுக்கு உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்து கொடுக்கும் லைன் புரொடக்ஷனும். ஓ.டி.டி. நிறுவனங்கள் வாரா வாரம் செலவு அறிக்கை கேட்கும். எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கினோம், எவ்வளவு போயிற்று, முடியும்போது எவ்வளவு ஆகும் என்று மூன்று நெடுவரிசையில் எழுத வேண்டும். காப்பீடு, கதை உரிமைப் பத்திரங்கள், பின்னணியில் தெரியும் ஓவியத்துக்குக்கூட அனுமதிக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்குழு இருக்க வேண்டும், அதையும் பேப்பரில் காட்டச் சொல்வார்கள். பழைய மேனேஜர்களுக்கு இதெல்லாம் எரிச்சல். உங்களுக்கு இதில்தான் வழி திறக்கிறது. வெளிநாட்டுப் படங்கள் இங்கே வந்து எடுத்தால் மத்திய அரசின் ஊக்கத்தொகை உண்டு. 2023 நவம்பரில் அதைத் தகுதியான செலவில் 40 சதவீதம், அதிகபட்சம் 30 கோடி ரூபாய் என்று உயர்த்தி அறிவித்தார்கள். அந்தத் தொகையைத் திரும்ப வாங்கக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தெளிவாக மெயில் எழுதத் தெரிந்த, பில்களை ஒழுங்காக அடுக்கத் தெரிந்த ஆளுக்கு அங்கே நல்ல மதிப்பு.

படிப்பு வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் இல்லை. தரமணி அரசு திரைப்பட நிறுவனம் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு ஆகியவற்றுக்குப் பேர்போனது. தயாரிப்பைத் தனிப் பாடமாக முதுநிலையில் படிக்க வேண்டுமென்றால் கொல்கத்தாவின் சத்யஜித் ரே திரைப்பட நிறுவனம் இருக்கிறது. இடங்கள் சில, நுழைவுத் தேர்வு உண்டு. வீட்டில் நிலைமை இடம் கொடுத்தால் முயன்று பாருங்கள், இந்தியா முழுக்க நண்பர்கள் கிடைப்பார்கள். இல்லையென்றால் அதற்காக வருத்தப்பட வேண்டாம். எக்ஸெல் உங்களுக்கு வரும். மூவி மேஜிக் போன்ற ஷெட்யூல் மென்பொருள்களைப் பழகிக்கொள்ளுங்கள். தமிழ்ப் படங்களில் ஷெட்யூலை இன்னும் பெரும்பாலும் கோ-டைரக்டரும் மேனேஜரும் உட்கார்ந்து நோட்டில்தான் போடுகிறார்கள் என்றாலும், நடிகரின் தேதி மாறிய அன்று மென்பொருளில் வைத்திருப்பவர் பத்து நிமிடத்தில் புது ஷெட்யூல் கொடுப்பார்.

சங்கத்தைப் பற்றி. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம், அதாவது பெப்சி, பல பிரிவுச் சங்கங்களின் கூட்டமைப்பு. தயாரிப்பு நிர்வாகிகளுக்கும் அதில் சங்கம் உண்டு. பெப்சி ஆட்களோடு எடுக்கும் படத்தில் மேனேஜராகப் பெயர் போட்டு வேலை செய்ய உறுப்பினர் அட்டை வேண்டும், நுழைவுக் கட்டணம் கணிசமானது. முதல் படத்திலேயே அதற்கு ஓட வேண்டியதில்லை. ஓரிரு படம் உதவியாளராக இருந்து, நீங்கள் வேலை பார்த்த மேனேஜர் பரிந்துரைத்த பிறகு போங்கள். நடுவில் "கார்டு வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணம் கட்டுவது சங்க அலுவலகத்தில், ரசீது வாங்கிக்கொண்டு.

இன்னொரு விஷயத்தை எல்லோரும் தவிர்ப்பார்கள், நான் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கமிஷன் என்று ஒன்று உண்டு. கேரவன்காரர், லாட்ஜ்காரர், சாப்பாட்டு ஒப்பந்தக்காரர் என்று யாராவது ஒருவர் "உங்களுக்கும் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்பார். சம்பளம் குறைவாகக் கொடுத்துவிட்டு, மேனேஜர் எப்படியும் வெளியில் எடுத்துக்கொள்வார் என்று நினைக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதில் ஒழுக்கம் ஒரு பாதி, மீதி தொழில் கணக்கு. லாட்ஜ்காரரிடம் வாங்கியவர் ரூமில் தண்ணீர் வரவில்லை என்று அவரிடம் சத்தம் போட முடியாது. கோடம்பாக்கம் சின்ன ஊர். சாலிகிராமத்தில் வாங்கியது வளசரவாக்கத்தில் தெரிய ஒரு வாரம் போதும். சம்பளத்தைச் சரியாகப் பேசி வாங்குங்கள். அது முடியாத இடத்தில் இருந்து கிளம்பிவிடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் சென்னையை அடுத்த ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ஒரு பெரிய படத்தின் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். செட்டில் உயரத்தில் லைட் கட்டும் ஆள், ஈரத்தில் கேபிள் இழுக்கும் ஆள், சண்டைக் காட்சியில் கயிற்றில் தொங்கும் ஆள் ஆகியோர் எல்லாம் உங்கள் ஷெட்யூலின் அவசரத்தை நம்பி உயிரை வைக்கிறார்கள். சண்டைக் காட்சி நாளில் ஆம்புலன்ஸ், யூனிட்டுக்குக் காப்பீடு, எந்த எடைக்கு எந்த கிரேன் என்று எழுத்தில் உறுதி. செலவைக் குறைக்கச் சொன்னால் சாப்பாட்டில் ஒரு ஐட்டத்தைக் குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் வேலை முடிந்தது என்று உதவி மேனேஜர்கள் நினைப்பார்கள். அப்புறம்தான் செட்டில்மென்ட். நடிகர்கள் பாக்கிச் சம்பளத்தை டப்பிங்குக்கு முன்னால் கேட்பது இங்கே எழுதாத வழக்கம், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. டப்பிங் முடிந்த பிறகு பாக்கியைத் துரத்திய அனுபவம் அவர்களுக்கு நிறைய. எனவே எந்த வாரம் யார் டப்பிங், அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று படப்பிடிப்பு நடக்கும்போதே தயாரிப்பாளரிடம் பட்டியல் கொடுத்துவிட வேண்டும். சென்சார் விண்ணப்பம், வசனப் பிரதி, விலங்கு வாரியச் சான்று, புகை மது எச்சரிக்கை வாசகம் எல்லாம் சரிபார்ப்பதும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். கடைசியாக வெளியீட்டுக்கு முந்தைய இரவு. ஃபைனான்சியர்கள் பணம் வந்து சேர்ந்தது என்று ஒப்புதல் கடிதம் கொடுத்தால்தான் தியேட்டர்களுக்குப் படத்தைத் திறக்கும் கே.டி.எம். சாவி போகும். ஃபிலிம் காலத்தில் லேபில் நெகடிவைப் பிடித்து வைத்தார்கள், இப்போது இதைப் பிடிக்கிறார்கள். காலைக் காட்சி ரத்து என்று நீங்கள் செய்தியில் படிப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் இரவு இருக்கும்.

குடும்பம் நடத்த முடியுமா? மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி, ஏ.வி.எம். என்று ஸ்டூடியோக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இது மாதச் சம்பள வேலை. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது ஆலை போன்ற அந்த ஒழுங்கை வைத்துத்தான். இப்போது படத்துக்குப் படம் வேலை. நடுவில் சும்மா இருக்கும் மாதங்கள் வரும். 2018 மார்ச்சில் தியேட்டர்களின் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டை நிறுத்தினார்கள், அது ஏப்ரல் வரை போனது. 2020இல் கொரோனாவுக்காக எல்லாமே நின்றது. தினக்கூலி ஆட்களுக்கு அடுத்தபடியாக அடிபட்டது உதவி மேனேஜர்கள்தான். ஆரம்பச் சம்பளம் உங்கள் ஆடிட்டர் அலுவலகச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வாருங்கள். படத்துக்கு இவ்வளவு என்று பேசாமல் மாதச் சம்பளமாகப் பேசுங்கள். 60 நாள் படம் எட்டு மாதம் இழுத்தால் மொத்தத் தொகை பேசியவருக்கு ஒன்றும் மிஞ்சாது. நிர்வாகியாகப் பெயர் வந்த பிறகு நிலைமை நன்றாகவே மாறும், ஒரே நேரத்தில் இரண்டு படம் பார்ப்பவர்கள் உண்டு. பி.எல். தேனப்பன் மாதிரி தயாரிப்பு நிர்வாகத்திலிருந்து தயாரிப்பாளராகவே ஆனவர்களும் உண்டு. ஆனால் அதை இப்போதே கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேருங்கள். அதற்குள் இணையத்தில் கிடைக்கும் ஒரு திரைக்கதையை எடுத்து, மேலே அந்தப் பஸ் ஸ்டாண்ட் காட்சிக்குச் செய்தது போல முழுக்கப் பிரித்து, 30 நாள் ஷெட்யூல் போட்டு, பட்ஜெட் எழுதுங்கள். எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் ஒதுக்க மறக்காதீர்கள். உங்கள் பக்கம் மதுரை, விருதுநகர், தென்காசி வட்டாரங்களில் படப்பிடிப்பு அடிக்கடி நடக்கும். அவுட்டோர் வரும் யூனிட்டுக்கு உள்ளூர் தெரிந்த, கணக்கு எழுதத் தெரிந்த பையன் தேவைப்படும். லீவு போட்டு ஒரு ஷெட்யூல் போய் நில்லுங்கள். அங்கே நீங்கள் வேலை பார்த்த மேனேஜர் சென்னைக்குப் போன பிறகு தானாகப் போன் செய்தால் பெட்டியைக் கட்டலாம். செய்யாவிட்டால் அடுத்த யூனிட் வரும்போது இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அதோடு கார் ஓட்ட லைசென்ஸ் இல்லையென்றால் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு டிரைவர் வராத நாள் நிச்சயம் வரும், அன்றைக்கு நடிகரை லாட்ஜிலிருந்து அழைத்து வரப் போவது நீங்கள்தான்.